கட்டை எங்கே போச்சு?

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்தக் கட்டை எங்க?"

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், லேப்டாப்பைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து முப்பது விநாடி வீடியோவைப் பார்த்து முடித்தபோது, வீட்டுக்காரர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். மற்றவர்கள் கைதட்டினார்கள். "சூப்பர்டா", "யூடியூப்ல போடு" என்றார்கள். அவர் மட்டும் திரையில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போய் வருகிறவர்.

"அது அசிங்கமா இருந்துச்சு சித்தப்பா. அதான் எல்லாப் படத்துலயும் அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா? அத வச்சித்தானப்பா கடல் எவ்வளவு ஏறியிருக்குன்னு நாங்க பாப்போம்!"

பையனுக்கு முகம் தொங்கிப்போனது. ஏன் என்று புரிய வேண்டுமானால் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

அவன் கடலூர்க்காரன். படிப்பது சிதம்பரத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். போட்டோ எடுப்பதில் பைத்தியம், அதிலும் டைம்லாப்ஸ் என்றால் சோறு தண்ணி வேண்டாம். டைம்லாப்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கேமராவை ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்தி, குறிப்பிட்ட இடைவெளியில் படமாக எடுத்துத் தள்ளி, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால் மணிக்கணக்கான நேரம் ஒரு நிமிஷத்தில் ஓடும். மேகம் குதிரையாய் ஓடும். மொட்டு மூச்சு விடுவதுபோல் விரியும்.

முதலில் அவன் எடுத்தது சிதம்பரம் நடராஜர் கோவிலின் கிழக்குக் கோபுரம். கீழ வீதியில் முக்காலியை வைத்து, விடியற்காலை 5.30லிருந்து 7.30 வரை 5 விநாடிக்கு ஒரு படம். கணக்குப் போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு 7200 விநாடி. ஐந்தால் வகுத்தால் 1440 படம். விநாடிக்கு 24 படம் என்று ஓட்டினால் சரியாக ஒரு நிமிட வீடியோ. கிழக்கே பார்த்த கோபுரம் என்பதால் இருட்டு விலகி வெயில் மேலிருந்து ஒவ்வொரு நிலையாக இறங்கி வரும். ஏழு நிலையும் ஒரு நிமிஷத்தில் பொன்னாக மாறும் என்பது அவன் கனவு.

வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தால்... கோபுரத்தின் குறுக்கே நான்கு ஒயர். வலது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி, எல்லாப் படத்திலும் அதே இடத்தில். கீழே ஆட்டோ, சைக்கிள், பால்காரர், மாடு, கோவிலுக்குப் போகிற கூட்டம் எல்லாம் ஈ மொய்ப்பதுபோல் படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது.

ஒரு படத்தில் இருக்கும் ஒயரை அழிப்பது பெரிய விஷயமே இல்லை. போட்டோஷாப்போ கிம்ப்போ திறந்து, குளோன் பிரஷ்ஷால் பக்கத்து வானத்தை எடுத்துப் பூசினால் இரண்டு நிமிட வேலை. ஆனால் 1440 படம்! படத்துக்கு இரண்டு நிமிஷம் என்றால் 2880 நிமிஷம். அதாவது தூங்காமல் சாப்பிடாமல் 48 மணி நேரம். அது மட்டுமில்லை. கையால் அழித்தால் ஒரு படத்தில் இருப்பதுபோல் அடுத்த படத்தில் இருக்காது. தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், வீடியோவாக ஓடும்போது கொதிக்கிற உலைபோல் குமிழ்விடும். எனவே ஒரே வேலையை எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி கம்ப்யூட்டரே செய்ய வேண்டும். இதைத்தான் 'பேட்ச்' வேலை என்பார்கள்.

அவன் இரண்டு மூன்று வாரம் இதிலேயே கிடந்து கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். யாருக்காவது பயன்படும்.

வேண்டாத பொருள் மூன்று வகை.

முதல் வகை, கேமராவுக்குள்ளேயே இருப்பது. அந்தக் கறுப்புப் புள்ளி வானத்தில் இல்லை, சென்சார் மேல் ஒட்டிய தூசி. லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால் (எஃப் 16 போல) பளிச்சென்று தெரியும், பெரிதாக்கினால் மங்கிவிடும். இது எல்லாப் படத்திலும் அச்சுப் பிசகாமல் அதே இடத்தில் இருக்கும் என்பதால் இருப்பதிலேயே சுலபமானது. ஒரு படத்தில் சரிசெய்து, அந்தத் திருத்தத்தை மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியே ஏற்றிவிடலாம். லைட்ரூமில் இதற்கு 'சிங்க்' என்று ஒரு பொத்தானே இருக்கிறது.

இரண்டாவது வகை, காட்சியில் இருக்கும் ஆனால் அசையாது. ஒயர், விளம்பரத் தட்டி, கம்பம். முக்காலி அசையாமல் இருந்தால் இவையும் அசையாது. இங்கே எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. முதல் படத்தில் ஒயர் இல்லாத வானத் துண்டை வெட்டி எல்லாப் படத்திலும் ஒட்டிவிடுவார்கள். 5.30 மணி வானத்தை 7 மணிப் படத்தில் ஒட்டினால் நீல வானத்தில் கருநீல பிளாஸ்திரி போட்டதுபோல் இருக்கும். சரியான வழி, துண்டை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாமல் தூரத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்வது. "ஒயர் இருக்கும் இடத்தை, அதே படத்தில் அதற்கு 12 பிக்சல் மேலே இருப்பதைக் கொண்டு நிரப்பு" என்று கட்டளை கொடுத்தால், ஒவ்வொரு படமும் தன் சொந்த வெளிச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். போட்டோஷாப்பில் இதை 'ஆக்ஷன்' ஆகப் பதிவு செய்து ஒரு ஃபோல்டர் முழுக்க ஓட்டலாம். இலவசமாக வேண்டுமென்றால் கிம்ப்பிலும் இமேஜ்மேஜிக்கிலும் ஸ்கிரிப்ட் எழுதலாம்.

இந்த இடத்தில் ஒரு சுவையான விஷயம். தேர் ஓடும் ஊர்களில் தேர் நாளன்று மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வீதியின் குறுக்கே போகும் ஒயர்களை மின்வாரிய ஊழியர்கள் கழற்றிவிடுவது வழக்கம். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முதல் நாள் ஐந்து தேர்கள் வீதி வருகின்றன. சாமிக்காக நிஜ ஒயரையே கழற்றும் லைன்மேனைவிடப் பெரிய ரீடச்சிங் கலைஞர் யார்! அவன் தேர் நாளில் போய் எடுத்திருந்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் அன்றைக்கு முக்காலி வைக்க இடம் கிடைத்திருக்காது.

மூன்றாவது வகைதான் தலைவலி. அசைகிற பொருள்கள். ஒரு படத்தில் இருக்கும் ஆட்டோ அடுத்த படத்தில் இருக்காது. எந்த இடத்தை அழி என்று சொல்வது? இதற்கு விடை ஒன்பதாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது! கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு என்று மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

வீதியில் ஒரு பிக்சலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த ஒன்பது படங்களில் அதன் வெளிச்ச அளவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 182, 183, 181, 182, 40, 184, 182, 181, 183. ஐந்தாவது படத்தில் மட்டும் ஒரு கறுப்பு ஆட்டோ குறுக்கே போயிருக்கிறது, அதனால் 40. இதற்குச் சராசரி எடுத்தால் 166 வரும். அதாவது ஆட்டோ அழியாது, பேயாக, அரைகுறை நிழலாக நிற்கும். ஆனால் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால்? 40, 181, 181, 182, 182, 182, 183, 183, 184. ஐந்தாவது எண் 182. ஆட்டோ இருந்த சுவடே இல்லை! இப்படி ஒவ்வொரு பிக்சலுக்கும் செய்தால் வீதி காலியாகிவிடும்.

உயிரியல் ஆய்வுக்காக அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவாகி 1997 முதல் இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே என்ற மென்பொருள் இதைச் செய்யும். இமேஜ்மேஜிக்கும் செய்யும். போட்டோஷாப் 2007ல் வந்த சிஎஸ்3 எக்ஸ்டெண்டெட் பதிப்பில் இதைச் சேர்த்தது. ஆனால் 1440 படத்துக்கும் சேர்த்து ஒரே இடைநிலை எடுத்தால் ஒரே ஒரு படம்தான் கிடைக்கும், வீடியோ கிடைக்காது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் அதற்கு முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று ஒன்பது படங்களின் இடைநிலையை எடுக்க வேண்டும். ஜன்னலை ஒரு படம் ஒரு படமாக நகர்த்திக்கொண்டே போவதுபோல. மேகம் மட்டும் கொஞ்சம் இழுபடும். அதற்கு வானத்தை விட்டுவிட்டு வீதிக்கு மட்டும் முகமூடி போட்டுச் செய்தால் போதும்.

அவன் ராத்திரி கம்ப்யூட்டரை ஓடவிட்டுத் தூங்கினான். காலையில் எழுந்து பார்த்தால் அற்புதம். சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆட்டோ இல்லை, சைக்கிள் இல்லை, மாடு இல்லை. ஒரே ஒருவரைத் தவிர. கோபுர வாசல் பக்கம் கூடையை வைத்து உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா மட்டும் அப்படியே இருந்தார்.

காரணம் எளிது. இடைநிலை என்பது மெஜாரிட்டி ஓட்டு. ஒரு இடத்தில் பாதி நேரத்துக்கு மேல் எது இருக்கிறதோ அதுதான் அங்கே 'இருப்பது'. கடந்துபோகிறவை எல்லாம் குப்பை. நடந்து போனவர்கள் ஓட்டில் தோற்றார்கள். பூக்கார அம்மா ஜெயித்தார்.

இது புதுசும் இல்லை. 1838ல் பாரிஸில் லூயி டாகுவேர் தன் ஜன்னலிலிருந்து ஒரு தெருவைப் படம் பிடித்தார். பரபரப்பான தெரு. ஆனால் படம் பதிய அன்றைக்குச் சில நிமிஷங்கள் ஆகும். வண்டிகளும் மனிதர்களும் நகர்ந்துகொண்டே இருந்ததால் யாருமே பதியவில்லை. ஒரு மூலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். போட்டோவில் அடையாளம் தெரியும்படி விழுந்த முதல் மனிதர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்கிறார்கள். யாரென்று யாருக்கும் தெரியாது. நின்றதற்காகக் கிடைத்த புகழ்!

நம்ம ஊரிலும் உண்டு. 1856ல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்ட லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றிக் கோவில்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 1858ல் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கியவர். வீடியோ வராத காலத்தில் கோவிலைச் சுற்றி நடந்த டைம்லாப்ஸ் என்றே சொல்லலாம். அவருக்கும் ஒரு தொல்லை இருந்தது. அந்தக் கால நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேலேயே சாயத்தால் மேகம் வரைந்தார்! இன்றைக்கு அந்தப் படங்களில் நாம் பார்த்து ரசிக்கும் சில மேகங்கள் எந்த வானத்திலும் மிதக்காதவை. ஆனால் கல்வெட்டில் அவர் கை வைக்கவில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

நம் பையனுக்கு அது தெரியவில்லை. இப்போது கடற்கரைக்கு வருவோம்.

கோபுர வீடியோ கொடுத்த தைரியத்தில் அவன் பெரிதாக ஒன்றில் இறங்கினான். தேவனாம்பட்டினத்தில் இருக்கும் நண்பன் வீட்டு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் ஒரு இரும்புப் பட்டையைப் பொருத்தி, கேமரா தினமும் அதே இடத்தில் அதே கோணத்தில் உட்காரும்படி செய்துகொண்டான். கரை நீளமாகத் தெரியும்படி வடக்கே பார்த்த காட்சி. ஜூலையிலிருந்து ஜனவரி வரை, பஸ் பிடிக்கப் போகும் முன் காலை ஆறரை மணிக்கு ஒரு படம். மழை, காய்ச்சல், பரீட்சை என்று விட்டுப்போன நாட்கள் போக 187 படம் தேறியது. கேமராவை எடுத்து எடுத்து வைத்ததால் வந்த சின்னச் சின்ன நகர்வுகளை ஹூகின் மென்பொருளில் சரிசெய்துகொண்டான்.

படத்தின் நடுவில், மணலில், அந்தச் சவுக்குக் கட்டை. என்றைக்கோ யாரோ படகு கட்ட நட்டது. பாதி இற்றுப்போய், கிழிந்த வலை ஒன்று சுற்றி, அதில் பிளாஸ்டிக் பை சிக்கிக்கொண்டு படபடக்கும். அழகான காட்சியில் கண்ணில் விழுந்த தூசு. இரண்டாவது வகைப் பொருள். கற்ற வித்தை கையில் இருக்கிறது. அதே படத்தில் 40 பிக்சல் பக்கவாட்டில் இருக்கும் மணலை எடுத்துக் கட்டையின் மேல் போடு என்று கட்டளை எழுதினான். மணல் இருக்கும் நாளில் மணல் வந்தது. அலை ஏறிய நாளில் அலை வந்தது. சத்தியமாக யாராலும் கண்டுபிடிக்க முடியாத வேலை.

அதோடு இன்னொன்றும் செய்தான். ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை என்பதற்காக, திருத்திய படங்களைத் தனி ஃபோல்டரில் போடாமல் பழைய படங்களின் மேலேயே சேமிக்கச் சொல்லிவிட்டான். 187 படமும் ஒன்றரை நிமிஷத்தில் மாறின. மெமரி கார்டையும் எப்போதோ ஃபார்மேட் செய்தாயிற்று.

இப்போது நண்பனின் அப்பா கேட்ட கேள்விக்குத் திரும்புவோம்.

கடலூர் கரையில் மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கித் தள்ளும். வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கெடிலம் ஆற்றின் முகத்துவாரம் வேறு. ஐப்பசி கார்த்திகையில் கடல் கரையை வாரிக்கொண்டு போவதும், தை பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவதும் அங்கே இருப்பவர்களுக்குப் பழக்கமான கொடுக்கல் வாங்கல். கேள்வி, வாங்கியதை முழுசாகத் திருப்பித் தருகிறதா என்பதுதான். படகை எங்கே ஏற்றி வைப்பது, வலையை எங்கே உலர்த்துவது, வீட்டுக்கு ஆபத்து உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை அளக்க அவர்கள் வைத்திருந்த அளவுகோல் அந்தக் கட்டை. "இந்த வருஷம் கட்டைக்கு நாலு அடி உள்ள வந்துடுச்சு" என்பதுதான் அவர்கள் பேச்சு.

வெறும் மணலும் வெறும் அலையும் மட்டும் இருக்கும் படத்தில் எதை வைத்து எதை அளப்பது? பையன் எடுத்த 187 படங்களில் கடல் ஏறுவதும் இறங்குவதும் தெரிகிறது. எவ்வளவு என்று மட்டும் சொல்ல முடியாது. ஏழு மாத உழைப்பில் அழகு மிஞ்சியது, விவரம் போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், அவன் செய்ததையே உலகத்தில் வேறு சிலர் விஞ்ஞானமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராப் ஹோல்மன் குழுவினர் 1980களிலிருந்தே கடற்கரையில் கேமரா வைத்து, பத்து நிமிடக் காட்சியை ஒரே படமாகச் சராசரி எடுக்கிறார்கள். தனித்தனி அலைகள் எல்லாம் அழிந்துபோகும். ஆனால் அலைகள் திரும்பத் திரும்ப உடையும் இடங்கள் மட்டும் வெள்ளைப் பட்டையாக நிற்கும். எங்கே அலை உடைகிறதோ அங்கே ஆழம் குறைவு. அதாவது தண்ணீருக்குள் இருக்கும் மணல் திட்டு மேலே படமாக வந்துவிடுகிறது! அலையை அழித்தால் மணல் தெரிகிறது.

2017ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி கடற்கரைகளில் 'கோஸ்ட்ஸ்னாப்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். போன் வைக்க ஒரு ஸ்டாண்டை மட்டும் கரையில் நட்டுவிட்டார்கள். வருகிற போகிறவர்கள் தங்கள் போனை அதில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். மொட்டை மாடியில் பையன் பொருத்திய இரும்புப் பட்டையேதான்! அந்தப் படங்களிலிருந்து கரைக்கோடு எங்கே இருக்கிறது என்று அளக்கிறார்கள். எப்படி? படத்தில் தெரியும் அசையாத பொருள்களை வைத்து. கம்பம், பாறை, கட்டட மூலை. அவற்றின் சரியான இடத்தை முன்பே அளந்து வைத்திருப்பார்கள். அந்த அசையாத புள்ளிகள் இல்லாவிட்டால் படத்தை வரைபடமாக மாற்ற முடியாது. பையன் எதை அசிங்கம் என்று அழித்தானோ, அதைத்தான் அவர்கள் படத்தில் முதலில் தேடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய அளவில் நடப்பது நம் தலைக்கு மேலே. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் இருக்கிறதே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், சுமார் 1100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. படகுச் சவாரி போயிருப்பீர்கள். அந்தக் காட்டின் டைம்லாப்ஸ் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. கூகுள் 2013ல் வெளியிட்ட 'டைம்லாப்ஸ்', 1984 முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வருஷத்துக்கு ஒரு ஃப்ரேம் என்று உலகம் முழுவதற்கும் செய்தது. அதற்காக அலசிய படங்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2021ல் கூகுள் எர்த்துக்குள் அதைக் கொண்டு வந்தபோது 2 கோடியே 40 லட்சம் படங்கள். இவ்வளவு எதற்கு? மேகம்! செயற்கைக்கோள் படத்தில் வேண்டாத பொருள் மேகமும் அதன் நிழலும்தான். ஒரு லேண்ட்சாட் ஒரே இடத்தின் மேல் 16 நாளுக்கு ஒருமுறைதான் வரும். ஐப்பசி கார்த்திகையில் வந்தால் பிச்சாவரம் தெரியாது, பஞ்சுதான் தெரியும். அதனால் ஒரு வருஷத்துப் படங்களை அடுக்கி வைத்து, ஒவ்வொரு இடத்துக்கும் மேகம் இல்லாத பிக்சல்களைப் பொறுக்கி எடுத்து ஒரு சுத்தமான படம் தயாரிக்கிறார்கள். இந்த வகை வேலைகளில் பரவலாகப் பயன்படும் கணக்கு எது தெரியுமா? அதே ஒன்பதாம் வகுப்பு இடைநிலை! கீழ வீதியில் ஆட்டோவை அழித்த கணக்கு வானத்தில் மேகத்தை அழிக்கிறது.

இதனால் கிடைத்த நன்மை கொஞ்சமில்லை. பல பத்தாண்டுகள் மரங்களை மொத்தமாக வெட்டியதில் பிச்சாவரத்தின் தரை குழிந்து, தண்ணீர் தேங்கி, உப்பேறி, காடு அழிந்துகொண்டிருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து 1990களில் கால்வாய் வெட்டி ஓதத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். செடிகள் பிழைத்தன. அந்தப் பச்சை திரும்பி வந்ததை மேலேயிருந்து எடுத்த படங்களைக் கொண்டு அளக்க முடிந்தது. மேகத்தை அழிக்காமல் இதைப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் அதே டைம்லாப்ஸில் 2004ம் வருஷத்து ஃப்ரேமையும் 2005ம் வருஷத்து ஃப்ரேமையும் எடுத்து, டிசம்பர் 26ஐத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. தேவனாம்பட்டினத்தை அடித்துப்போட்ட தண்ணீர் சில மணி நேரம்தான் நின்றது. வருஷத்தின் 8784 மணி நேரத்தில் அது எந்த மூலைக்கு? 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலும் அப்படித்தான். புயல் என்பது அந்தக் கணக்குக்கு ஒரு பெரிய மேகம், அவ்வளவே. அதை முதலில் தூக்கி எறிந்துவிடும். இந்தக் கரையில் வாழ்கிறவர்கள் வருஷத்தை அந்த நாளை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். "சுனாமிக்கு முந்தி", "தானேக்குப் பிந்தி" என்பதுதான் இங்கே காலண்டர். மெஜாரிட்டி ஓட்டில் அந்த நாட்கள் டெபாசிட் இழந்துவிடும்.

அந்த நாளைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அழிக்காத படம் வேண்டும். 2005ல் டானியல்சன் என்பவரும் அவரோடு பலரும் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் கடலூர் மாவட்டக் கரையைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சுனாமிக்கு முன்பு எங்கெங்கே மரம் இருந்தது, சுனாமிக்குப் பிறகு எங்கெங்கே சேதம் என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, மரங்கள் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவு என்று காட்டினார்கள். அலையாத்திக் காடு ஊரைக் காக்கும் என்று பேசும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு அது. முந்தையதும் பிந்தையதும் தனித்தனியாக, தேதியோடு இருந்ததால் வந்த பலன். இரண்டையும் கலந்து ஒரு சுத்தமான படமாக்கியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

ஆகவே அழிப்பது தப்பு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தூசியை அழிக்கலாம், அது உலகத்தில் இல்லாத பொருள். கோபுரத்தின் மேல் ஒயரை அழித்தால் யார் குடியும் முழுகாது. மேகத்தை அழித்தால் காடு தெரிகிறது, அலையை அழித்தால் மணல் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் "இது யாருக்கு வேண்டாதது?" என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. படம் எடுக்கிறவனுக்கு வேண்டாதது, படத்துக்குள் வாழ்கிறவனுக்கு அளவுகோலாக இருக்கலாம். இந்தக் கேள்வியைக் கம்ப்யூட்டர் கேட்காது. ஒரு படத்தைக் கையால் திருத்தும்போதாவது இரண்டு நிமிஷம் யோசிக்கக் கிடைக்கும். பேட்சில் 187 படத்துக்கும் சேர்த்து ஒன்றரை நிமிஷம்.

அன்றைக்கு மாடியில் யாரும் அவனைத் திட்டவில்லை. டீ வந்தது. நண்பன்தான் தன் போனை நோண்டிக்கொண்டே, "டேய், நீ அப்பப்ப எனக்கு அனுப்புவியே" என்றான். 'இன்னிக்கு மேகம் பாரு', 'இன்னிக்கு அலை பாரு' என்று அவன் அனுப்பியிருந்த படங்கள். தேடிப் பார்த்ததில் பதினொன்று கிடைத்தன. வாட்ஸ்அப்பில் சுருங்கிப் போனவை, ஆனால் தேதியோடு. கட்டையோடு.

நண்பனின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினொன்றையும் வரிசையாகப் பார்த்தார். ஆகஸ்டில் கட்டைக்கு முன்னால் ஒரு படகு நிறுத்தும் அளவு மணல். நவம்பரில் கட்டையின் இடுப்பில் அலை. ஜனவரி கடைசிப் படத்தில் தண்ணீர் விலகியிருக்கிறது, ஆனால் ஆகஸ்டில் இருந்த இடத்துக்குப் போகவில்லை.

"பாத்தியா, பாதிதான் குடுத்திருக்கு" என்றார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அந்த இரும்புப் பட்டையில் மறுபடி கேமரா ஏறியது. திருத்தும் படங்களுக்கு இப்போது தனி ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்: எந்தப் படத்தில் எதை அழித்தோம், எப்போது, எதற்கு என்று. அசல் படங்கள் வேறொரு ஹார்ட் டிஸ்கில். அதை வாங்க இரண்டு மாத பஸ் காசும் டீக் காசும் போயிற்று. கட்டையில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் பையை மட்டும் ஒரு நாள் நேரில் போய்க் கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டு வந்தான்.